வாட்ஸ்அப் ஆதாரமும் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும்

கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாகப் பிரதிவாதி வாட்ஸ்அப்பில் எழுதிய செய்திகளைத் தவிர, கட்சிக்காரர் ஒருவருக்காக நான் நடத்தும் பண வசூல் வழக்கில் புரோநோட்டோ காசோலையோ கிடையாது. வழக்குரையும் கோர்ட்டுக் கட்டணமும் மின்தாக்கல் தளத்தில் தடையின்றி ஏறிவிட்டன. அந்தச் செய்திகளுக்கான சான்றிதழ்தான் எங்களை அலைக்கழித்தது.

மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்டச் சான்றிதழ் கேட்கும் பிரிவாக, 1-7-2024 முதல் பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. கட்சிக்காரர் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கேட்டு வாங்கி வந்த வரைவோ 65பி சான்றிதழாகவே இருந்ததுடன், துணைக்கு ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் தேதியோடு காட்டியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கும் இ-எஸ்சிஆர் தளத்தில் எவ்வளவு தேடியும் அப்படியொரு தீர்ப்பு அகப்படவில்லை. நடை மட்டும் பழுத்த சீனியர் எழுதியதுபோல இருந்தது! செயலி தரும் மேற்கோள் எதையும் இப்படித் தேடிப் பார்க்காமல் மனுவில் சேர்க்காதீர்கள்.

புதிய சட்டத்தின் அட்டவணையிலேயே சான்றிதழ்ப் படிவம் உள்ளது. ஏ பகுதியைச் சாதனத்துக்குப் பொறுப்பானவர் நிரப்ப வேண்டும்; கைப்பேசியின் மாடல், நிறம், ஐஎம்இஐ எண் வரை கேட்கிறார்கள். பி பகுதி வல்லுநருக்குரியது. இரண்டிலும் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளத் தொடர், குறிக்கப்பட வேண்டும். எஸ்ஹெச்ஏ256 என்ற கணக்கீட்டு முறையில் அது 64 குறிகள் கொண்ட ஒரு தொடர். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தொடர் முழுவதும் மாறிவிடும். கட்சிக்காரர் ஸ்கிரீன்ஷாட்டுகளை வல்லுநருக்கு வாட்ஸ்அப்பிலேயே படங்களாக அனுப்பிவைக்க, அவை வழியில் சுருக்கப்பட்டு, ஏ பகுதியில் ஒரு தொடரும் பி பகுதியில் வேறொரு தொடருமாக வந்து நின்றன. கோப்பைப் பென்டிரைவில் நேரில் கொடுத்த பிறகுதான் இரண்டும் பொருந்தின. உரையாடலை ஒரே ஒரு முறை ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பையே கடைசிவரை பயன்படுத்துங்கள். புதிதாக ஒரு செய்தி சேர்ந்தபின் மறுபடி ஏற்றுமதி செய்தால் அது வேறு கோப்பு, அதன் ஹேஷும் வேறு.

இவ்வளவுக்குப் பிறகும், தனியார் வல்லுநரின் கையொப்பம் செல்லாது, அரசு ஆய்வகத்திலிருந்துதான் வர வேண்டும் என்று எழுதி, நீதிமன்றப் பரிசீலனைப் பிரிவு எழுத்தர் ஆவணத்தைத் திருப்பிவிட்டார். எந்த விதியின்கீழ் என்று கேட்டதற்கு, 'அதுதான் வழக்கம்' என்றார். சட்டமே புதிதாக இருக்கும்போது வழக்கம் எங்கிருந்து முளைத்ததோ! 63-ஆம் பிரிவின் (4)-ஆம் உட்பிரிவு 'வல்லுநர்' என்று மட்டுமே சொல்கிறது. அவர் யாராக இருக்க வேண்டும் என்று அங்கே விளக்கம் இல்லை. அந்த வாசகத்தை அப்படியே எடுத்தெழுதி, ஐயமிருந்தால் நீதிபதி முன் வைக்கும்படி குறிப்பிட்டு மறுதாக்கல் செய்தோம். மறுபேச்சின்றி வழக்குக்கு எண் கொடுக்கப்பட்டது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே ஆட்சேபத்தை விசாரணையில் எழுப்பக்கூடும் என்பதால், வல்லுநரின் தகுதிச் சான்றுகளை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன். கைப்பேசியை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது என்று கட்சிக்காரருக்கு எழுத்திலேயே கொடுத்துவிட்டேன்.