இன்ஃபினிட்டி கிடைத்தது: பழைய 50 மி.மீ. லென்ஸ், நான்காவது இரவு

நேற்று இரவு பதினொன்றே கால் மணிக்கு நிலாவின் ஓரம் நறுக்கென்று வந்தது. 50 மி.மீ. லென்ஸில் நிலா சென்சார்மேல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் வியூஃபைண்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், ஓரம் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறதா பஞ்சு மாதிரி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நேற்று வெட்டி வைத்த மாதிரி இருந்தது. ரிங்கைக் கிட்ட ஃபோகஸ் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடியும் அதே இடத்தில் அதே கூர்மை. வெகுதூரத்துப் பொருள் இப்படிக் கூர்மையாகும் இடத்தைத்தான் இன்ஃபினிட்டி என்கிறோம். ரிங் இறுகிய லென்ஸைப் பிரித்து மறுபடி பூட்டும்போது அதைத் தொலைத்துவிட்டேன், நான்கு இரவாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

லென்ஸ் எம்42 மவுண்ட் (கேமராவில் திருகி மாட்டும் பழைய வகை), 50 மி.மீ., எஃப் 1.8. எந்தக் கம்பெனி என்பது இந்த வேலைக்கு முக்கியமில்லை. அந்தக் காலத்து 50 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றில் உள்ளே இருப்பது ஒன்றுக்குள் ஒன்று திருகி நகரும் மூன்று குழாய்தான். விற்றவர் "ஃபோகஸ் ரிங் ஸ்மூத்" என்று எழுதியிருந்தார். வந்து சேர்ந்தபோது இரண்டு கையாலும் பிடித்துத் திருக வேண்டியிருந்தது. கிளாஸில் ஃபங்கஸ் (பூஞ்சை) இல்லை, ஹேஸ் (பனி மாதிரி மங்கல்) இல்லை என்பதால் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. பழைய லென்ஸ் வாங்கும்போது என் கணக்கு எப்போதும் இதுதான்: ரிங் இறுக்கமாக இருந்தால் சரிசெய்யலாம், ரிங் ஆடினால் யோசிக்க வேண்டும், ஃபங்கஸ் கோட்டிங்கை அரித்திருந்தால் வாங்கவே கூடாது. உள்ளே நாலு தூசி இருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், படத்தில் தெரியாது.

இறுக்கத்துக்குக் காரணம் கிரீஸ். கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு மாதிரியான பொருளும் சேர்ந்தது. பல வருஷத்தில் எண்ணெய் பிரிந்து போய்விடும், மிச்சம் மெழுகு மாதிரி மரைக்குள் கெட்டியாகிவிடும். பிரிந்த எண்ணெய் பல நேரம், ஒளி நுழையும் துளையைச் சிறிதாக்கும் அப்பர்ச்சர் பிளேடுகளில் போய் உட்காரும். அதனால் ரிங் இறுகிய லென்ஸைப் பார்த்தால் பிளேடையும் டார்ச் அடித்துப் பாருங்கள், இரண்டும் பல நேரம் ஒன்றாக வரும் நோய். என்னுடையதில் பிளேடு சுத்தமாக இருந்தது.

பிரிக்கும் வேலையை விரிவாக எழுதப் போவதில்லை. பழைய லென்ஸைத் திறந்து பார்த்தவர்களுக்கு அது தெரிந்ததே. இரண்டே விஷயம். ஜப்பானிய லென்ஸ் என்றால் குறுக்குத் தலை ஸ்க்ரூ பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. பிலிப்ஸ் டிரைவரைப் போட்டு அழுத்தினால் வழுக்கித் தலை சிதைந்துவிடும். அப்புறம், தலையில்லாத சின்ன ஸ்க்ரூ அசையவில்லை என்றால் வலுவைக் காட்டாதீர்கள். வார்னிஷ் வைத்துப் பூட்டியிருப்பார்கள். பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பத்து நிமிஷம் விட்டால் இளகிவிடும். பெயிண்ட் மேலும் பிளாஸ்டிக் மேலும் மட்டும் படக் கூடாது.

இனி ஹெலிகாய்ட், அதாவது ரிங்கைத் திருப்பினால் கிளாஸை முன்னும் பின்னும் நகர்த்தும் அந்த மூன்று மரைக் குழாய். நான்கு இரவையும் தின்றது இதுதான்.

வெளிக் குழாய் மவுண்ட்டோடு நிற்கிறது. உள்குழாய் கிளாஸைத் தாங்குகிறது. நடுக் குழாய்தான் நாம் திருப்பும் ரிங்கோடு சுற்றுகிறது, அதற்கு உள்ளும் புறமும் மரை உண்டு. உள்குழாய் கூடவே சுற்றாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு சின்ன பித்தளைக் கட்டை பள்ளத்தில் ஓடுகிறது. கிட்ட ஃபோகஸ் செய்யக் கிளாஸ் சுமார் 7 மி.மீ. முன்னே வர வேண்டும், அதுவும் ஒரு முழுச் சுற்றுக்குள். சாதாரண மரையில் அவ்வளவு வேகமாக வெளியே வராது. அதனால் இந்த மரைக்குத் தொடக்க வாய் ஒன்றல்ல, பல. ஒரு பாட்டில் மூடியை எப்படி வைத்துத் திருகினாலும் ஒரே மாதிரி மூடும். இதில் அப்படி இல்லை. எந்த வாயில் நுழைத்தாலும் வழவழவென்று ஏறிக்கொள்ளும், சரியான இடம் மட்டும் ஒன்றுதான். இப்படி இரண்டு ஜோடி மரை.

ஆகவே பிரியும் இடத்தில் குறி போட வேண்டும். போட்டேன். மெதுவாகத் திருகிக்கொண்டே வந்து, கையில் கழன்ற அந்தக் கணத்தில் நிறுத்தி, இரண்டு குழாயிலும் நேருக்கு நேர் மார்க்கர் பேனாவால் கோடு. இரண்டாவது ஜோடிக்கும் அப்படியே. பிறகு கெட்டி கிரீஸை எடுக்க மூன்று குழாயையும் லைட்டர் ஃப்ளூயிட்டில் ஊறவைத்தேன். அரை மணி கழித்து எடுத்தால் அலுமினியம் பளபளவென்று இருந்தது. கோடும் இல்லை. கிரீஸைக் கரைக்கும் திரவம் மார்க்கர் மையையும் கரைக்கும். ஊசியால் கீறியிருக்க வேண்டும். இதைப் படிக்கும் யாராவது நாளைக்கு ஒரு லென்ஸைத் திறப்பதாக இருந்தால், தயவுசெய்து ஊசியால் கீறுங்கள். இன்ஃபினிட்டியில் ஒரு கீறல், பிரியும் இடத்தில் இரண்டு கீறல்.

சரி, ஒரு வாய் தள்ளி ஏறினால் என்னதான் ஆகும்? என்னுடையதில் கிளாஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 1 மி.மீ. விலகுகிறது. 50 மி.மீ. லென்ஸுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: 2500-ஐ விலகலால் வகுத்தால், அதற்கு மேல் ஃபோகஸ் எட்டாத தூரம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் வரும். கிளாஸ் 1 மி.மீ. வெளியே நின்றால் இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகாது. கால் மில்லிமீட்டர் என்றால் பத்து மீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால்கூட இருபத்தைந்து மீட்டரோடு நின்றுவிடும். ஒரு தாளின் தடிமன் அது.

முதல் இரவு மூன்று முறை ஏற்றினேன். ஒவ்வொரு முறையும் கட்டைகளைப் பூட்டி, மவுண்ட்டை மாட்டி, பழைய லென்ஸைப் புதுக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரோடு கேமராவில் போட்டு, தூரத்துச் செல்போன் டவரின் சிவப்பு விளக்கைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டிலும் விளக்கு பெரிய வட்டமாகவே இருந்தது. மூன்றாவதில் கட்டையே பள்ளத்துக்கு நேராக வரவில்லை. இரண்டாம் இரவு ஒரு நோட்டில் கட்டம் போட்டேன்: வெளி ஜோடி எத்தனையாவது வாய், உள் ஜோடி எத்தனையாவது வாய், விளக்கு எப்படித் தெரிந்தது. கிரீஸ் முழுக்கப் போடாமல் ஒரு பொட்டு மட்டும் தடவி ஏற்றியதால் கழற்றுவது சுலபமாக இருந்தது. சுத்தமாக உலர்ந்த நிலையில் உலோகத்தை உலோகத்தில் திருகாதீர்கள், மரை கடித்துக்கொண்டால் அதோடு முடிந்தது.

மூன்றாம் இரவுதான் மோசமானது, ஏனென்றால் அன்றைக்கு வெற்றி என்றே நினைத்தேன். விளக்கு புள்ளியானது. ரிங் கடைசியில் நிற்கும் இடத்தில் இன்ஃபினிட்டி. முழு கிரீஸும் போட்டு மூடினேன். காலையில் பார்த்தால் கிட்ட ஃபோகஸ் நிறுத்தத்துக்கு முன்பே ரிங் எதிலோ உரசி நின்றது. நடுக் குழாய் ஒரு வாய் உயரமாகவும், அதற்குள் உள்குழாய் ஒரு வாய் தாழ்வாகவும் ஏறியிருக்கிறது. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் கிளாஸ் மட்டும் சரியான தூரத்தில் நின்றது. விளக்கை வைத்து மட்டும் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

தீர்வு ஒரு போட்டோவில் இருந்தது. லென்ஸ் வந்த அன்று, விற்றவரிடம் காட்ட வேண்டி வரலாம் என்று நான்கு பக்கமும் படம் எடுத்திருந்தேன். அதில் ஒன்று நேர் பக்கவாட்டுப் படம், ரிங் இன்ஃபினிட்டியில். ரிங்கின் அடிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி அதில் தெரிகிறது. முன்பக்க ஃபில்டர் மரை 49 மி.மீ. என்று தெரியும். கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, முன்வளையத்தின் அகலம் எத்தனை பிக்சல், இடைவெளி எத்தனை பிக்சல் என்று எண்ணினேன். ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வந்தது. என் மேசையில் இருந்த லென்ஸில் ஒன்றரை. அப்படியானால் வெளி ஜோடி ஒரு வாய் கீழே இறங்க வேண்டும், உள் ஜோடி ஒரு வாய் மேலே. நான்காம் இரவு ஒரே முறையில் ஏறியது.

ஆகவே ஊசிக் கீறலோடு இன்னொன்றும்: பிரிப்பதற்கு முன் இன்ஃபினிட்டியில் மொத்த நீளத்தையும் அந்த இடைவெளியையும் வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள். கூடவே ஒரு நேர் பக்கவாட்டுப் படம்.

வாய் சரியான பிறகு வரும் கடைசி நுணுக்கம் ரிங்கைப் பிடிக்கும் மூன்று ஸ்க்ரூவில் இருக்கிறது. அவற்றைத் தளர்த்தினால் ரிங் மட்டும் தனியாகச் சுற்றும். நிலா கூர்மையாகும் இடத்தில் நடுக் குழாயை விட்டுவிட்டு, ரிங்கின் இன்ஃபினிட்டிக் குறியை நேராக வைத்து இறுக்கினால் போதும். இதைப் பகலில் செய்யாதீர்கள். வெயில் நேரத்தில் தூரத்துப் பொருள் எல்லாம் அனலில் நெளியும், எது கூர்மை என்றே புரியாது. ஃபோகஸ் ஆன ஓரங்களை வண்ணத்தில் காட்டும் ஃபோகஸ் பீக்கிங் வசதியையும் அணைத்துவிடுங்கள். பழைய லென்ஸை முழுசாகத் திறந்து வைத்தால் பீக்கிங் ஓரங்களை எல்லாம் தாராளமாக வண்ணம் பூசிக் காட்டும். பெரிதாக்கிப் பார்ப்பது ஒன்றே நம்பகம்.

அடாப்டரையும் சந்தேகப்பட வேண்டும். எம்42-க்கு மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ., சோனி இ மவுண்ட்டுக்கு 18 மி.மீ. ஆக அடாப்டர் 27.46 இருக்க வேண்டும். என்னுடையதை அளந்தால் 27.3. பலரும் வேண்டுமென்றே கொஞ்சம் குட்டையாகத்தான் செய்கிறார்கள். குட்டையானால் இன்ஃபினிட்டியைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். நீளமானால் இன்ஃபினிட்டியே கிடைக்காது. லென்ஸைத் திறப்பதற்கு முன்பே, நன்றாக இருக்கும் வேறொரு எம்42 லென்ஸை அதே அடாப்டரில் போட்டுப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, உங்கள் லென்ஸில் அப்பர்ச்சரை ஆட்டோ, மேனுவல் என்று மாற்றும் சுவிட்ச் இல்லையென்றால், பிளேடை இயக்கும் பின்பக்க ஊசியை அழுத்திப் பிடிக்கும் விளிம்பு உள்ள அடாப்டராக வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பர்ச்சர் ரிங்கை என்ன திருப்பினாலும் பிளேடு மூடாது. லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தள்ளிவிடுகிற நல்ல லென்ஸ்கள் பல இந்த ஊசியால்தான்.

கிரீஸ் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வாசலினோ தையல் மெஷின் எண்ணெயோ போடவே கூடாது. இன்றைக்கு வழுக்கும், சூட்டில் இளகிப் பிளேடுக்கு ஓடும். ஹெலிகாய்டுக்கென்றே விற்கும் கிரீஸ்தான் வேண்டும், அதிலும் நடுத்தரக் கெட்டி. மெல்லியதைப் போட்டால் ரிங் விரல் பட்டாலே நகர்ந்துவிடுகிறது. கெட்டியானதைப் போட்டால் குளிர்ந்த காலையில் மறுபடி இறுகுகிறது. அளவு மிகக் கொஞ்சம் போதும்: மரையின் பள்ளம் மங்கலாகும் அளவுக்கு, நிரம்பும் அளவுக்கு அல்ல. இப்போது ஒரு விரலால் திருப்பலாம், விட்ட இடத்தில் நிற்கிறது. இந்த ஒரு உணர்வுக்காகவே புது ஆட்டோஃபோகஸ் லென்ஸ் கையில் இருந்தும் இதை எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றுகிறது.

கேமராவில் இரண்டு செட்டிங் மறக்காதீர்கள். லென்ஸ் இல்லாமல் ஷட்டர் ரிலீஸ் என்பதை ஆன் செய்ய வேண்டும். பாடியில் கை ஆட்டத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோக்கல் லெங்த்தைக் கையால் 50 என்று கொடுக்க வேண்டும். முந்தைய லென்ஸின் 135 அப்படியே கிடந்தால், சென்சார் தேவைக்கு மேல் அசைந்து ஆடாத படத்தையும் ஆட்டிவிடும்.

அடுத்து ஒரு 135 மி.மீ., எஃப் 3.5 காத்திருக்கிறது. அதில் நோய் நேர்மாறு, ரிங் நன்றாக ஓடுகிறது, பிளேடு முழுக்க எண்ணெய். அதற்குப் பிறகு ஒரு பென்டாக்ஸ் சூப்பர் டக்குமார் 50 மி.மீ., எஃப் 1.4 தேட வேண்டும். அதன் பிந்தைய வகையின் கிளாஸில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் மஞ்சள் இறங்கும். அதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

அதற்கு முன் இதையே முடிக்க வேண்டியிருக்கிறது. அப்பர்ச்சர் ரிங் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் "டிக்" என்று நிற்பதற்கு ஒரு சின்ன ஸ்டீல் குண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. குண்டு கடுகைவிடச் சின்னது. இரண்டும் இப்போது ஒரு மருந்து பாட்டில் மூடியில், மேலே டேப் ஒட்டிக் கிடக்கின்றன. அதை வைக்க ரிங்கை மறுபடி கழற்ற வேண்டும், ஹெலிகாய்டைத் தொட வேண்டியதில்லை. சனிக்கிழமை உட்காரலாம் என்றிருக்கிறேன். அதுவரை ரிங் சத்தமில்லாமல் வழுக்குகிறது. எஃப் 2.8 என்று நினைத்து வைத்தால் 3.2 பக்கம் போய்விடுகிறது. இன்று காலை அப்படியே எடுத்துப்போய் நாற்பது படம் எடுத்தேன், தூரத்து மரக்கிளைகள் எல்லாம் கூர்மையாக வந்திருக்கின்றன.