தொண்டைய அழுத்துற கை

ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க டாக்டர் நோயாளி மூச்சுக்குழல்ல டியூப் போடும்போது பக்கத்துல நிக்கிற ஆளு நான், அனஸ்தீசியா டெக்னீஷியன், வேலூர்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. டியூபை கையில எடுத்துக் குடுக்கறது, சக்‌ஷன் குடுக்கறது, டியூப் நுனிக்கிட்ட இருக்கற கஃப்ங்கற பலூன்ல காத்து ஏத்தறது, அப்புறம் டாக்டர் "கொஞ்சம் அழுத்துப்பா"ன்னா வழி நல்லா தெரியறதுக்காக குரல்வளைய வெளியில இருந்து புடிச்சு அழுத்தறது. இந்த கடைசி வேலைய பத்திதான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுகினு இருந்தேன், ஏன்னா தொண்டைக்குள்ள இருக்கறத கேமராவால ஸ்கிரீன்ல காட்டற வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்ததுல டாக்டருக்கு என்ன மாறுச்சுன்னு எல்லாரும் பேசறாங்க, எங்க கைக்கு என்ன மாறுச்சுன்னு யாரும் பேசல.

பழைய வளைஞ்ச பிளேடு, மேகிண்டாஷ், 1943ல ஆக்ஸ்போர்ட்ல இருந்த ராபர்ட் மேகிண்டாஷ் கொண்டாந்தது, இன்னிக்கும் எல்லா டிராலிலயும் இருக்கு. டாக்டர் இடது கையில புடிச்சு நாக்கை ஒதுக்கி தாடைய மேல தூக்கி, வாய் வழியா நேர்கோட்டுல குனிஞ்சு பாக்கணும். பாக்கறது அவர் ஒருத்தர்தான். "எப்பிகிளாட்டிஸ் மட்டும்தான் தெரியுது, கிரேடு த்ரீ, அழுத்து, இன்னும் மேல, வலது பக்கம், ஆங் போதும், விட்றாத"ன்னு (எப்பிகிளாட்டிஸ்ங்கறது குரல்வளைய மூடற மடல், அது மட்டும் தெரிஞ்சா கிரேடு த்ரீ, கஷ்டமான பார்வை) அவர் சொல்லச் சொல்ல நாம குருட்டுத்தனமா கையை நகத்திகினே இருப்போம். கிணத்துல விழுந்த குடத்த ஒருத்தர் எட்டிப் பாத்து வழி சொல்ல, இன்னொருத்தர் பாதாளக் கரண்டிய போட்டுத் துழாவற கதைதான். டாக்டருக்கு டென்ஷன் ஏறிச்சுன்னா "அழுத்து"ன்னு சத்தம் மட்டும்தான் வரும், எந்தப் பக்கம்னு வராது.

வீடியோ பிளேடுல கேமரா நுனிக்குப் பக்கத்துல இருக்கு. கிளைட்ஸ்கோப்ங்கற வீடியோ கருவி 2001ல மார்க்கெட்டுக்கு வந்துச்சு, நம்ம பக்கம் வந்து சேர ரொம்ப வருஷம் ஆச்சு. ஸ்கிரீன்ல படம் வந்த மொத நாளே எனக்குப் பிடிபட்டது டாக்டர் பாக்கறத நானும் பாக்கறேன்ங்கறதுதான். கட்டை விரல லேசா நகத்துனா உள்ள குரல்வளை நகருது. அதிகமா அழுத்துனா வெள்ளையா தெரியற ரெண்டு கார்டும் (குரல் நாண்) நெருங்கி வழியே அடைஞ்சு போறதும் தெரியுது. பழைய முறையில "அழுத்து அழுத்து"ன்னு கேட்டு முழு பலத்தையும் போடுறோமே, அதுல எத்தனை தடவை நம்ம கையே டியூபுக்கு குறுக்க நின்னிருக்கும்னு யாருக்குத் தெரியும். இப்ப டாக்டர் வாய் திறக்கறதுக்கு முன்னாடியே கை தானா சரி பண்ணிக்குது.

ஆனா நல்லா தெரியுதுன்னா டியூப் போயிடும்னு அர்த்தம் இல்ல. குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர், குட்டைக் கழுத்து, முன்பல்லு ரெண்டும் எத்து, அதுல ஒண்ணு ஆட்டம். மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரே புலம்பல், "பல்லு ஆடிகினு கீது தம்பி, பாத்துக்கோ, பொண்ணு கல்யாணத்துல போட்டோ எடுப்பாங்க இல்ல". எங்க மயக்க டாக்டர் மேடம் அதிகமா வளைஞ்ச வீடியோ பிளேட எடுத்தாங்க. ஸ்கிரீன்ல கார்டு ரெண்டும் பளிச்சுனு முழுசா தெரியுது, ஆனா டியூப் நுனி உள்ள போய் மூச்சுக்குழல் முன்சுவர்ல முட்டிகினு நிக்குது. புதுசா பாக்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கும், இவ்ளோ கிட்ட தெரியுது ஏன் போகலன்னு. மேடம் பதறல. பிளேட கொஞ்சம் வெளிய இழுத்து, தூக்கறத குறைச்சு, படம் கொஞ்சம் மோசமானாலும் பரவால்லன்னு விட்டாங்க, "ஸ்டைலெட்ட மெதுவா ரெண்டு இன்ச் உருவுப்பா"ன்னாங்க, ஸ்டைலெட்ங்கறது டியூப் வளைஞ்சு நிக்க உள்ள போடற கம்பி, நான் உருவ உருவ டியூப லேசா திருப்பி இறக்கிட்டாங்க. மானிட்டர்ல கார்பன் டை ஆக்சைடு கோடு சதுர சதுரமா வந்து, டியூப் சரியான இடத்துலதான் இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் எல்லாரும் மூச்சு விட்டோம். பல்லும் அப்படியே இருந்துச்சு.

பல்லு விஷயத்துல ஒண்ணு சொல்லணும். அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் கிளினிக்ல இருதயம், நெஞ்சு, ரத்தக்குழாய் ஆபரேஷன் நோயாளிங்கள வச்சு பண்ண ஆய்வு 2024ல ஜாமாங்கற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு, மேடம்தான் டீ நேரத்துல விளக்கினாங்க. 8,429 ஆபரேஷன். ஒண்ணுக்கு மேல தடவை முயற்சி பண்ண வேண்டி வந்தது வீடியோவுல 1.7 சதவீதம், நேரா பாக்கற பிளேடுல 7.6 சதவீதம். ஆனா பல்லு, தொண்டை காயத்துல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வீடியோன்னா பல்லு பத்திரம்னு நாங்க எல்லாரும் நம்பிகினு இருந்தோம், அப்படி ஒண்ணும் இல்லியாம். கண்ணு ஸ்கிரீன்லயே இருந்தா, ஸ்டைலெட் போட்ட டியூப் வாய்க்குள்ள நுழையும்போது அண்ணத்துல குத்துறதுக்குக் கூட வாய்ப்பு இருக்கு. அதனால டியூப் நுனி நாக்கத் தாண்டற வரைக்கும் வாயப் பாக்கணும், அப்புறம்தான் ஸ்கிரீன். என்னைக் கேட்டா மொத தடவையிலயே போறதுதான் பெரிய விஷயம், ஒவ்வொரு தடவை குத்தும்போதும் தொண்டை வீங்கிகினே போகும், அடுத்த தடவை இன்னும் கஷ்டம்.

ரத்தமோ வாந்தியோ கேமரா மேல பட்டா படம் போச்சு. ஏசி குளிர்ல லென்ஸ் ஆவி புடிச்சுக்கும், அதனால முன்னாடியே ஆன் பண்ணி சூடாக விடணும், இல்ல பிளேட சுடுதண்ணியில கொஞ்சம் முக்கி எடுக்கணும். சார்ஜ் இருக்கான்னு காலையில மொத வேலையா பாக்கறது நான்தான். டிராலியில மேகிண்டாஷ், பூஜி (டியூபுக்கு வழிகாட்டற நீளக் குச்சி) ரெண்டும் எப்பவும் தயாரா வச்சிருப்பேன், வீடியோ இருக்குங்கற தெனாவெட்டுல அத எடுத்து உள்ள வைக்கற ஆளுங்களப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும்.

மேல்படிப்பு படிக்கற புது பிஜி டாக்டர் பசங்க வந்தா வீடியோலயே பழகிட்டு நேரா பாத்துப் போடத் தெரியாம போயிடுவாங்கன்னு சீனியர்ங்க புலம்பறாங்க. எங்க மேடம் அதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க. வீடியோவுலயே மேகிண்டாஷ் வடிவத்துல பிளேடு இருக்கு, அதப் போட்டு மானிட்டர அந்தப் பையன் பக்கம் இல்லாம எங்க பக்கம் திருப்பிடுவாங்க. அவன் வாய்க்குள்ள குனிஞ்சு நேரா பாக்கணும், மேடம் ஸ்கிரீன்ல பாத்து "நுனி ஆழமா போயிடுச்சு, வெளிய எடு, இப்ப தூக்கு"ன்னு சொல்லுவாங்க, நானும் பாத்துகினே அழுத்துவேன். போன வாரம் ஒரு தம்பி நைசா கழுத்த வளைச்சு ஸ்கிரீன எட்டிப் பாத்தான், மேடம் ஒண்ணும் பேசாம மானிட்டர இன்னும் கொஞ்சம் திருப்பிட்டாங்க.