அந்த ஜீ.எஸ். யார், டீச்சர்?

கொழும்பில் இருந்து ஒரு பத்திரிகை உதவியாசிரியர் போன் எடுத்தபோது நான் கணினி அறைக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் வலைப்பந்து அணி வலயமட்டத்தில் வென்று மாகாணமட்டத்துக்குத் தெரிவான நாள். "படம் வடிவா இருக்கு டீச்சர், போடலாம். பந்தோட பாயுற பிள்ளை ஆர்? கீழ பேர் போடோணும்" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் பந்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது, நெஞ்சில் டபிள்யூ.ஏ. என்ற எழுத்து மட்டும் தெளிவாக இருந்தது. கையில் இருந்த பட்டியலில் டபிள்யூ.ஏ.வுக்கு நேரே என்ன பெயர் இருந்ததோ அதைச் சொல்லிவிட்டு, பெரிய வேலை முடித்த திருப்தியோடு ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் பத்திரிகை வந்தது. அணி முழுக்க ஒரே சிரிப்பு, ஒரு பிள்ளை மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

கிரிக்கெட்டிலும் உதைபந்திலும் முதுகில் இலக்கம் இருக்கும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வலைப்பந்தில் எழுத்து ஆளுக்கு இல்லை, ஆள் நிற்கிற இடத்துக்கு. ஜீ.எஸ். (கோல் ஷூட்டர்), ஜீ.ஏ. (கோல் அட்டாக்), டபிள்யூ.ஏ. (விங் அட்டாக்), சி. (சென்டர்), டபிள்யூ.டி. (விங் டிஃபென்ஸ்), ஜீ.டி. (கோல் டிஃபென்ஸ்), ஜீ.கே. (கோல் கீப்பர்) என்று ஏழு பேருக்கு ஏழு பிப், அதாவது சட்டைக்கு மேல் ஒட்டிக்கொள்கிற எழுத்துத் துணி. யார் மைதானத்தின் எந்தப் பகுதிக்குள் போகலாம், எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பதை அந்த எழுத்துத்தான் சொல்லும். கால்பகுதி ஆட்டம் முடிந்து பயிற்றுநர் ஆட்களை மாற்றினால் வெல்க்ரோவைப் பிய்த்து பிப்பையும் மாற்றிக்கொள்வார்கள். முதல் கால்பகுதியில் டபிள்யூ.ஏ. ஆக ஓடிய பிள்ளை மூன்றாவதில் சென்டர். என் பட்டியலோ ஆட்டம் தொடங்க முதல் எழுதியது. இது தெரியாமல்தான் நான் அணிக்கு ‘ஊடகப் பொறுப்பாசிரியர்’.

அந்தப் பதவி வந்த கதை ரொம்பச் சின்னது. "நீர்தானே கம்ப்யூட்டர் படிப்பிக்கிறீர், இதையும் ஒருக்காப் பாருமன்" என்று அதிபர் சொன்னார், அவ்வளவுதான். திருகோணமலை நகரத்துக்குள் இருக்கிற பாடசாலை, நான் அங்கே படிப்பிக்க வந்து நாலு வருடம், எங்களுக்கு ஒரு வலைப்பந்து அணி இருக்கிறது என்பதே இந்தப் பதவி வருவதற்கு முந்தின வருடம்தான் எனக்குத் தெரியும். பிள்ளைகள் பாடசாலை விட்ட பிறகு, பின்பக்க மைதானத்தில், கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்க அடிக்கப் பழகுவார்கள். அந்த நேரம் நாங்கள் எல்லாரும் வீட்டில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்போம். இதே ஆசிரியர் அறையில்தான் மார்ச் மாதம் வந்தால் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கிற ‘வடக்கின் பெரும் போர்’ கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் கேட்டுக்கொண்டு திரிவோம். நூறு வருடம் தாண்டிய போட்டி, அதற்குரிய மரியாதை இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் போன கிழமை யாரோடு விளையாடினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

வலைப்பந்து என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்று, தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2018இல் சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடியவர், 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல் போட்டவர். அவரைப் பற்றிக் கேட்டாலும் "அந்த உயரமான பிள்ளையோ?" என்பதுதான் முதலில் வருகிறது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரிக்கே இதுதான் நிலை என்றால் எங்களை யார் தேடப்போகிறார்கள்?

சரி, அறிக்கை எழுதத் தொடங்கினேன். முதல் மூன்று அறிக்கைகளையும் இப்போது எடுத்துப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. "அதிபர் அவர்களின் வழிகாட்டலில், பிரதி அதிபர் அவர்களின் ஒத்துழைப்புடன், பிரதம அதிதியாகக் கலந்து சிறப்பித்த..." என்று ஒரு பந்தி முழுக்கப் பெரியவர்கள். பிள்ளைகளின் பெயர் கடைசி வரியில். அது ஒரு பத்திரிகையில் வந்தது. வந்தபோது பிள்ளைகளின் பெயரைக் காணவில்லை. எங்கள் பகுதி நிருபர் அண்ணையிடம் கோபமாகக் கேட்டேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பக்கத்தில இடம் காணாட்டி கீழயிருந்துதான் வெட்டுவாங்கள் தங்கச்சி. நீங்கள் ஆரைக் கீழ வச்சீங்கள்?"

அதற்குப் பிறகு பெயர்களை மேலே தூக்கினேன். முதல் வரியில் யார் எத்தனை கோல், இரண்டாவது வரியில் எந்த அணியோடு, எங்கே, எப்போது. பெரியவர்கள் கடைசிப் பந்தியில், வெட்டினாலும் நட்டமில்லை. இதை அதிபரிடம் விளங்கப்படுத்தின அந்தப் பத்து நிமிடம் என் உத்தியோக வாழ்க்கையில் நீளமானது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு "பிரதி அதிபருக்கு நீரே சொல்லும்" என்றார்.

எழுத்துருப் பிரச்சினை வேறு. அலுவலகத்தில் தட்டச்சு செய்கிற அக்காவுக்குப் பாமினிதான் வரும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவம் போட்ட பழைய எழுத்துரு அது, அதில் இயந்திரம் மாதிரி அடிப்பார். பத்திரிகைக்காரர் அதை எப்படியோ சமாளித்தார்கள். இணையத்தளங்களுக்கு அனுப்பினால், ‘அம்மா’ என்று அடித்தது அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று போய் நிற்கும். எத்தனை அறிக்கை இப்படிக் குப்பைக்குப் போனதோ தெரியாது, யாரும் திருப்பி எழுதிச் சொல்லவும் இல்லை. எங்கே போனாலும் தமிழாகவே தெரிகிற யுனிகோட்டுக்கு மாற்றத் தொடங்கினேன். சிங்களத்துக்கு எங்கள் இரண்டாம் மொழி ஆசிரியையைப் பிடித்தேன். ஆங்கிலம் நானே. மூன்றிலும் பிள்ளைகளின் பெயரை ஒரே மாதிரி எழுதவே ஒரு கொப்பி வைத்திருந்தேன். அப்படியிருந்தும் ஒரு இணையத்தளம் எங்கள் வெற்றிப் படத்தைப் பக்கத்துப் பாடசாலையின் பெயரில் போட்டது. திருத்தச் சொல்லி இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். அது இன்றைக்கும் அப்படியேதான் கிடக்கிறது.

இவ்வளவு பாடுபட்டும் அந்த வருடம் எங்கள் அணியை ஊரறியச் செய்தது ஒரு மான்.

திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே புள்ளிமான்கள் பிரெடரிக் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை, நகரத்துக்குள்ளும் கடையோரத்திலும் மாடு மாதிரித் திரியும். கடதாசி, பொலித்தீன் எல்லாம் தின்னும், பாவம். ஒருநாள் பயிற்சி ஆட்டத்துக்கு நடுவில் ஒன்று மதில் உடைந்த பக்கத்தால் உள்ளே வந்து, நேரே கோல் வட்டத்துக்குள் போய், கம்பத்தடியில் நின்றுகொண்டது. நடுவர் விசில் ஊதினார், அது காதை ஆட்டியது. அப்புறம் ஸ்கோர் தாளை மோந்து பார்த்தது, எழுதுகிற பிள்ளை தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நான் எடுத்த படத்தை முகநூலில் போட்டேன். அதுவரை எங்கள் பக்கத்தில் முப்பது பேர் லைக் போட்டால் பெரிய விஷயம். இது ஒரே இரவில் ஆயிரத்தைத் தாண்டியது. லண்டனில் இருந்து, ரொறன்ரோவில் இருந்து, எப்போதோ படித்துவிட்டுப் போன அக்காமார் எல்லாம் வந்தார்கள். "எங்கட மான்", "எங்கட கிரவுண்ட்", "அந்த வேப்பமரம் இன்னும் நிக்குதோ". அணியைப் பற்றி எழுதியவர் இரண்டே பேர்.

எனக்கு அது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அக்காமாரில் ஒருவர்தான் "அடுத்த மெச் எப்ப? லைவ் போடுவீங்களோ?" என்று கேட்டார். அதுவரை நான் அனுப்பியதெல்லாம் முடிந்த ஆட்டத்தின் செய்தி. முடிந்துபோனதற்கு யாரும் வர முடியாதே! இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏற எனக்கு ஒரு வருடம் எடுத்தது. அதன் பிறகு ஆட்டத்துக்கு மூன்று நாள் முதலே அறிவித்தல் போனது. வாசலில் நிற்கிற ஓட்டோக்காரருக்கு, முன் பேக்கரிக்கு, பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களுக்கு. இங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் லண்டனில் காலை பத்தரை, ரொறன்ரோவில் விடிய ஐந்தரை. அதையும் சேர்த்து எழுதினேன்.

லைவ் போடுவதற்கு மேல்மாடி விறாந்தைக் கம்பியில் போனைக் கட்டினோம். முதல் தடவை கேட்டது முழுக்கக் காற்றுச் சத்தம்தான். கீழே ஓடுவது எங்கள் பிள்ளைகளா எதிரணியா என்றே பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை, "ஸ்கோர் என்ன?" என்று ஐம்பது பேர் கேட்டார்கள். இரண்டாம் தடவை, கணுக்கால் பிசகி வெளியே இருந்த பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒன்றைப் போனுக்குப் பக்கத்தில் இருத்தி, "பார்க்கிறதைச் சொல்லு" என்றேன். அவள் வர்ணனையாளர் மாதிரியெல்லாம் பேசவில்லை, பக்கத்து வீட்டுக்குக் கதை சொல்வது போலச் சொன்னாள். "இப்ப எங்கட சென்டர் பாஸ். மூண்டு செக்கனுக்குள்ள குடுக்கோணும், குடுத்திட்டாள். ஐயோ, அவள் காலை நகர்த்திப்போட்டாள், பந்து போச்சு." விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு விதி விளங்கியது, தெரிந்தவர்கள் அவளோடு சண்டை பிடித்தார்கள். எங்கள் அறிக்கைகள் எல்லாம் சேர்ந்து செய்யாததை அந்தப் பிள்ளையின் குரல் செய்தது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அணிக்குப் புது பிப்பும் பந்தும் வாங்கித் தந்த அக்கா அந்தக் குரலைக் கேட்டு வந்தவர்தான்.

அந்த லைவில்தான் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி வரும். "அந்த ஜீ.எஸ். யார், டீச்சர்?"

ஏழு பேரில் ஜீ.எஸ்.ஸும் ஜீ.ஏ.வும் மட்டும்தான் கோல் போடலாம். எங்கள் ஜீ.எஸ். கையில் பந்து போனால் பத்துக்கு எட்டு விழும், கச்சான் காற்றிலும் விழும். பிப் மாறாத ஒரே பிள்ளை அவள்தான், படத்துக்குப் பெயர் போட மிகச் சுலபமான ஆள். ஆனால் அவளுடைய அம்மா வருடத் தொடக்கத்திலேயே வந்து சொல்லிவிட்டார்: "விளையாடட்டும் டீச்சர். முகம் தெரியிற படம் போடாதீங்கோ, பேரும் வேண்டாம்." காரணம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. பெண்பிள்ளைகளின் படத்தை எடுத்து யாரோ எதற்கோ பயன்படுத்திய கதை எங்கள் ஊரில் எல்லா அம்மாமாருக்கும் ஒன்றாவது தெரியும். அதோடு எல்லாப் பெற்றோரிடமும் கையெழுத்துக் கடிதம் வாங்கத் தொடங்கினேன். அவள் தாயார் ‘இல்லை’ என்ற பெட்டிக்குள் அழுத்திப் புள்ளடி போட்டிருந்தார். லைவை மேல்மாடியில் இருந்து முகம் தெரியாத தூரத்தில் எடுத்ததற்கும் அதுதான் காரணம். மற்றப் பிள்ளைகளுக்குப் பெயர், அவளுக்கு ஜீ.எஸ். என்பதோடு சரி. அதனாலேயே ஆட்களுக்கு அவள் மேல் இன்னும் ஆவல் கூடியது, அது நான் எதிர்பாராதது.

போன வருடக் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில் நடந்தது. நாலாவது கால்பகுதி ஓடுகிறபோது அந்த அம்மா குடையோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"டீச்சர், இவள்ட படம் ஒண்டும் இல்லையோ?"

"நீங்கள்தானே அம்மா வேண்டாம் எண்டனீங்கள்."

"முகநூலுக்கு வேண்டாம் எண்டனான். வீட்டுக்கும் வேண்டாம் எண்டு எப்ப சொன்னனான்?"

அன்றிரவு இரண்டு வருடப் படங்களையும் கிண்டினேன். அவளுடைய கை இருக்கிறது, முதுகு இருக்கிறது, வளையத்துக்குள் விழப்போகிற பந்துக்குக் கீழே பின்னல் இருக்கிறது. கண்ணில் படாமல் எடுத்து எடுத்தே பழகிவிட்டேன். கடைசியில் மான் படத்தின் வெட்டாத பிரதியில் அகப்பட்டாள். வலப்பக்க ஓரத்தில் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய் முழுக்கச் சிரிப்போடு நிற்கிறாள். முகநூலில் போடுவதற்காக நான் வெட்டியெறிந்த ஓரம் அது.

அடுத்த நாள் ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெடியன் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளையை வெட்டிப்போட்டு மானை மட்டும் பெருசாப் போடட்டோ, மிஸ்?" என்றான்.