டிஸ்ப்ளே கார்டன் அப்டேட்: கல்லு வெட்டி முடிச்சாச்சு, செடியும் உக்காந்தாச்சு

பாக்கறதுக்குன்னே அமைக்கற டிஸ்ப்ளே கார்டன்ல, நடக்கற தரைக்கு ஜல்லி கெட்டிச்ச கையோட கலவை போட்டு கல்லு பதிக்க இறங்கிடலாம்னு கை பரபரக்கத்தான் செய்யும், ஆனா நான் மொதல்ல கலவையே இல்லாம எல்லா கல்லையும் சும்மா பரப்பிப் பாத்தேன். எவ்ளோ கல்லு வெட்டணும்ங்கறத குறைக்கத்தான் இது. சேஃப்டின்னு ஆரம்பிச்சாலே எல்லாரும் மாஸ்க், கண்ணாடின்னு போயிடறாங்க, அதெல்லாம் வேணும்தான், ஆனா வெட்டவே தேவையில்லாத கல்லுல இருந்து தூசியும் வராது, மெஷினும் எகிறாது. பரப்பிப் பாத்தப்ப ஒரு ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்கு துண்டு துண்டா விழற மாதிரி இருந்துச்சு, அந்த மாதிரி ஒல்லித் துண்டு வெட்டறதும் ஆபத்து, பதிச்சாலும் சீக்கிரம் ஆடிப்போயிடும். வரிசைய அரைக் கல்லு தள்ளி வெச்சதும் ரெண்டு ஓரத்துலயும் பாதிக் கல்லுக்கு மேல வந்துடுச்சு. மீதிக்கு பாத்தி விளிம்பையே கொஞ்சம் நகத்திட்டேன். டிஸ்ப்ளே கார்டன்ல இது ஒரு வசதி, சுவரு கதவுன்னு எதுக்கும் கட்டுப்பட வேண்டியதில்ல, கல்லு எங்க முடியுதோ அங்க செடி ஆரம்பிக்கட்டும்னு விட்டுடலாம்.

கடைசில வெட்ட மிஞ்சினது தண்ணி போற மூடியச் சுத்தி வர்ற கல்லுங்க, அப்புறம் அந்த வளைவு பாத்தி, அவ்ளோதான்.

நம்ம கல்லு சாண்ட்ஸ்டோன். அதுல 70 சதவீதத்துக்கு மேல சிலிக்காவா (மணல்ல இருக்கற அதே பொருள்) இருக்கலாம், மார்பிள் சுண்ணாம்புக்கல்லுல எல்லாம் ரொம்பக் கம்மி, 2 சதவீதம் போலதான். கண்ணுக்குத் தெரியற வெள்ளப் புகைய விட தெரியாத பொடிசுதான் நுரையீரல் அடி வரைக்கும் போய் உக்காந்துக்கும், அதனால சிலிக்கோசிஸ்ங்கற நுரையீரல் நோய் வந்தா திரும்ப சரி பண்ண முடியாது, இந்தத் தூசி புற்றுநோய் வரவைக்கும்னு 1997லயே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி பட்டியல்ல சேத்துட்டாங்க. அதனால டிரை கட்டிங், அதான் தண்ணி விடாம வெட்டறது, அது பக்கமே போகல. தண்ணி கனெக்‌ஷனோட வர்ற கட்டர வாடகைக்கு எடுத்தேன், பிளேடு மேல நிமிஷத்துக்கு குறைஞ்சது அரை லிட்டராவது நிக்காம விழணும், பாட்டில்ல ஓட்டை போட்டு தெளிக்கறதெல்லாம் கணக்குல வராது. சாதாரண கரண்ட் கிரைண்டர்ல ஓஸ் புடிச்சு தண்ணி ஊத்தறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், ஷாக் அடிச்சா அப்புறம் கல்லு எதுக்கு தோட்டம் எதுக்கு. தண்ணிக்குன்னே செஞ்ச மெஷினா இருக்கணும், கரண்ட்ல ஓடறதுன்னா கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் வழியாத்தான் லைன் வரணும்.

தண்ணி விட்டாலும் மாஸ்க் மாஸ்க்தான். துணி மாஸ்க் இல்ல, பொடித் தூசியையும் வடிகட்டற எஃப்எஃப்பி3 ரகம் இல்லன்னா அந்த லெவல்ல இருக்கறது, அதுவும் மொகத்தோட ஒட்டி நிக்கணும். தாடி இருந்தா ஓரத்துல காத்து பூந்துடும், நான் ஷேவ் பண்ணிட்டேன், வீட்ல சிரிச்சாங்க, பரவால்ல. காதுக்கு மஃப், கண்ணுக்கு மூடின கண்ணாடி, காலுக்கு இரும்பு முனை ஷூ, தொங்கற துணி எதுவும் உடம்புல கூடாது. பிளேடுல எழுதியிருக்கற ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) மெஷினோட ஆர்பிஎம்முக்கு சமமாவோ கூடவோ இருக்கான்னு பாத்துட்டு, அம்புக்குறி சுத்தற திசைக்குத்தான் போட்டிருக்கான்னு பாத்துட்டு, பிளேட மூடற தடுப்பு கார்டு இறுக்கி இருக்கான்னும் பாத்துட்டு அப்புறம்தான் ஸ்டார்ட்.

வெட்டறப்ப ஒரே மூச்சுல அழுத்தவே கூடாது. மொதல்ல 3, 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு கோடு மாதிரி ஒரு ஓட்டு, அந்தக் காடி விழுந்துட்டா அடுத்தடுத்த ஓட்டு தானா அதுலயே ஓடும். கல்லோட ரெண்டு பக்கமும் அடில கட்டை முட்டு கொடுத்திருக்கணும், ஒரு பக்கம் தொங்கினா வெட்டு மூடிக்கிட்டு பிளேட கவ்வும், மெஷின் நம்ம மேலயே எகிறும். பிளேடோட மேல் முன்பக்கம் எதுலயும் படாம பாத்துக்கணும், எகிறல் அங்கதான் பொறக்குது. நாமளும் பிளேடுக்கு நேர் பின்னாடி நிக்காம ஒரு பக்கமா தள்ளி நிக்கணும்.

மூடி பக்கத்துல எல் ஷேப்ல வெட்டணும்ல, அங்கதான் நேரம் போச்சு. பிளேடு வட்டமா இருக்கறதால மேல கோடு மூலைக்கு வந்துடும், அடில இன்னும் வெட்டாம நிக்கும். அதுக்காக கோட்ட தாண்டி வெட்டினா அந்த மூலைல இருந்தே விரிசல் ஓட ஆரம்பிக்கும். நான் உள் மூலைல டைமண்ட் பிட் வெச்சு ஒரு ஓட்டை போட்டுட்டு, ரெண்டு பக்கம் இருந்தும் அந்த ஓட்டை வரைக்கும் வந்து நிறுத்தி, கல்ல திருப்பிப் போட்டு மிச்சத்த பின்பக்கத்துல இருந்து எடுத்தேன். கொஞ்சம் தாண்டிப் போனாலும் மேல தெரியாது. வளைவுக்கு பிளேட திருப்பவே இல்ல, சின்னச் சின்ன நேர் வெட்டா சுத்தி எடுத்துட்டு அப்புறம் முனைங்கள தேய்ச்சு எடுத்ததுல வளைவு வந்துடுச்சு.

வெட்டின சேறு காயறதுக்குள்ள கழுவிடணும், காஞ்சா கல்லுல கறை, காஞ்ச பொடி பறந்தா திரும்பவும் அதே சிலிக்கா. பதிச்ச தரைக்குத் தள்ளி வெட்டினதே இதுக்காகத்தான். சேறு சாக்கடைல போகாம குழில தேங்க விட்டு வாரிட்டேன்.

பதிச்சதெல்லாம் வழக்கம்தான், நூல் கட்டி, 80 சென்டிமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறங்கற மாதிரி வாட்டம் தண்ணி மூடிய பாத்து, கல்லுக்கு அடில முழுசா கலவை. வெட்டின பக்கத்த எல்லாம் பாத்தி ஓரமாவே திருப்பி வெச்சேன், நடந்து வர்றவங்க கண்ணு மொதல்ல விழற எடத்துல முழுக் கல்லு மட்டும்.

செடி பாதிய தொட்டியோடயே குழில இறக்கிட்டேன், டிஸ்ப்ளேதானே, வாடினா மாத்திக்கலாம். ஆனா தொட்டி விளிம்பு கொஞ்சம் தெரிஞ்சாலும் மொத்த தோட்டமும் கடை மாதிரி ஆயிடும், அதனால மேல மட்டை நார் 5 சென்டிமீட்டர் போட்டு மூடி, தண்டுகிட்ட மட்டும் ஒதுக்கி விட்டேன், ஒட்டிக் கெடந்தா அழுகும். வெட்டு விளிம்பு மேல படர்ற மாதிரி குட்டைச் செடி நெருக்கமா வெச்சிருக்கேன், இப்பவே பாதி மறைஞ்சிடுச்சு.

12 வோல்ட் லைட் இன்னும் போடல, ஒயர் போக பைப் மட்டும் கல்லுக்கு அடில முன்னாடியே விட்டுருக்கேன், டிரான்ஸ்பார்மர் வந்ததும் இழுக்கணும்.