சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தேன், அட்ரினலில் கட்டி என்றார்கள்

விலா வலிக்கு எடுத்த சிடி ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் கல் தெரிந்தது. அது எதிர்பார்த்ததுதான். ரிப்போர்ட்டின் கீழே இன்னொரு வரியும் இருந்தது: இடது அட்ரினல் சுரப்பியில் 2.1 சென்டிமீட்டர் கட்டி, கான்ட்ராஸ்ட் சிடி (மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்கவும். சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி மாதிரி இருக்கும் அந்தச் சுரப்பியைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே கிடையாது. அன்று ராத்திரி வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

யூராலஜி டாக்டர், ஹார்மோன் டாக்டரான எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். அந்த மேடம் கேட்ட முதல் கேள்வி, "பேப்பர் இருக்கட்டும் சார், ஸ்கேன் டிஸ்க் எங்கே?"

நல்லவேளை, பையில் இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டு, கட்டிக்குள் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் 4 என்று வந்தது. அது ஹவுன்ஸ்ஃபீல்டு அளவு, அதாவது அந்த இடம் எவ்வளவு அடர்த்தி என்று சிடி ஸ்கேன் காட்டும் எண் என்று விளக்கினார். அதில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே. அட்ரினலில் வரும் சாதாரண அடினோமா கட்டிகளில் பெரும்பாலும் கொழுப்பு நிறைய இருப்பதால் எண் குறைவாக வரும். கட்டி ஒரே சீராக இருந்து, எண் 10-க்குள் இருந்தால் புற்றுநோய் பயம் வேண்டாம். இதை மருந்து ஏற்றாமல் எடுத்த ஸ்கேனில்தான் அளக்க வேண்டும். கல்லுக்கு எனக்கு எடுத்ததும் அப்படிப்பட்ட ஸ்கேன்தான்! ஆக, கான்ட்ராஸ்ட் சிடி தேவைப்படவில்லை. அந்த எண்ணை ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தால் எங்கள் வீட்டில் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்!

அடுத்து, கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு, உடல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரை 1 மில்லிகிராம், காலை 8 மணிக்கு ரத்தத்தில் கார்டிசால் அளவு. மெடிக்கலில் அரை மில்லிகிராம் மாத்திரைதான் இருந்தது, இரண்டு போட்டுக்கொண்டேன். கார்டிசால் 1.8-ஐத் தாண்டக்கூடாது, எனக்கு 1.1. பிரஷருக்கு மாத்திரை எடுப்பவன் என்பதால் பிரஷரோடு சம்பந்தப்பட்ட ஆல்டோஸ்டிரோன், ரெனின், கூடவே பொட்டாசியம் மூன்றையும் பார்த்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன.

இணையத்தில் படித்துவிட்டு, 24 மணி நேரச் சிறுநீர் பரிசோதனை வேண்டாமா என்று கேட்டேன். அட்ரினலின் மாதிரி ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கும் ஃபியோகுரோமோசைட்டோமா (சுருக்கமாக ஃபியோ) என்ற கட்டிக்கான பரிசோதனை அது. எண் 10-க்குள் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை என்றார். ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கலாமே என்று என் தம்பி கேட்டதற்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பதில் வந்தது: ஃபியோ இல்லை என்று உறுதியாகாமல் அட்ரினலில் ஊசி குத்தினால் பிரஷர் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம், இவருக்கோ அதற்கு அவசியமே இல்லை.

ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் வேண்டாமாம். இந்த மாதிரிக் கட்டிகளைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை என்று 2023-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. பிரஷரை மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அப்புறம் ஸ்கேன் சென்டருக்குப் போய், அந்த எண்ணைச் சேர்த்து ரிப்போர்ட்டைத் திருத்தித் தரச் சொன்னேன். தனியாகக் காசு எதுவும் வாங்காமல் செய்து கொடுத்தார்கள். நாளைக்கு வேறு ஏதாவது வலிக்கு வேறு டாக்டரிடம் போனாலும் முதலில் இந்தத் தாளைத்தான் நீட்டுவேன்.