மருந்து பில்லுக்குக் காப்புறுதி தேடி அலைந்த கதை

காசு போன கிழமைதான் வங்கிக்கு வந்தது. கொஞ்சக் காசுதான், ஆனால் அதற்காக அலைந்த அலைச்சலை எழுதி வைத்தால் இன்னொருவருக்காவது உதவும்.

என் கணவருக்குச் சீனி, பிரெஷர் இரண்டும் இருக்கு. கொலஸ்ட்ரோலுக்கும் குளிசை போகிறது. அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து இலவசம்தான். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கிளினிக் கொப்பியில் உள்ளதில் ஒன்றிரண்டை ஒரு துண்டில் எழுதி, "இத வெளியில எடுங்க" என்று தருவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். இவர் சொந்தமாக மரவேலை செய்கிறவர். அரச உத்தியோகத்தர் என்றால் அவர்களுக்கான அக்ரஹார காப்புறுதி இருக்கும், சம்பளத்திலேயே சந்தாவை வெட்டிக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால்தான் தனியார் காப்புறுதி தேடிப் புறப்பட்டேன்.

முதலில் வந்த முகவர் தம்பி திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கே வந்தார். "அக்கா, மருந்துக்கும் கவர் இருக்கு" என்று அடித்துச் சொன்னார். கையில் இருந்தது வழுவழுப்பான ஆங்கில விளம்பரத் தாள் மட்டும். நிபந்தனைகள் உள்ள பத்திரத்தைத் தமிழில் கேட்டேன். இழுத்தடித்துத்தான் தந்தார். வாசித்தால், அந்த மருந்துக் கவர் வார்டில் படுத்தவருக்கும், டிக்கெட் வெட்டி வந்த பிறகு சில நாட்களுக்கும்தான். மாதாமாதம் விழுங்குகிற குளிசைக்கு வேண்டுமென்றால் ஓபிடி, அதாவது வார்டில் தங்காமல் எடுக்கிற வைத்தியத்துக்கான கவர் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அதற்கு வருடத்துக்கு ஓர் எல்லை, அதுவும் முழுக் குடும்பத்துக்கும் சேர்த்து. பல்லுக்கும் கண்ணாடிக்கும் அதிலிருந்தேதான் கழியும். மேலதிகக் கட்டுப்பணத்தையும் அந்த எல்லையையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை! என் காசையே எனக்குத் திருப்பித் தர ஒரு கம்பனி எதற்கு?

அதைவிட மோசம், ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதாவது எந்தச் சீனிக் குளிசைக்காகக் காப்புறுதி தேடினேனோ, அதற்குத் தொடக்கத்தில் ஒரு சதமும் கிடையாது. இதைக் கேட்டதும் தம்பி விண்ணப்பப் படிவத்தில் நோய் பற்றிய கேள்வியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். "இதெல்லாம் எழுதினா இழுபடும் அக்கா." அங்கேயே படிவத்தை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டேன். நோயை மறைத்து எடுத்தால், பிறகு பெரிய பில் வருகிற நேரத்தில் அதையே காரணம் காட்டிக் கை விரிப்பார்கள். அப்போது இந்தத் தம்பி போனும் எடுக்க மாட்டார்.

வேறு கிளைகளிலும் கேட்டுப் பார்த்தேன். பெயர்தான் வேறு, கதை ஒன்றுதான். கடைசியில் விடை என் வேலையிடத்திலேயே இருந்தது. எங்கள் கம்பனிக் குழுக் காப்புறுதியில் துணையையும் சேர்க்கலாம், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் முதல் நாளிலிருந்தே கவர். எல்லாக் குழுத் திட்டமும் இப்படி இருக்காது, ஆனால் வெளியில் தேடுவதற்கு முன் உங்கள் அலுவலகத்தில் கேளுங்கள். வருடாந்தப் புதுப்பிப்பு நேரத்தில் மட்டும்தான் பெயர் சேர்ப்பார்களாம், அதுவரை பொறுத்திருந்தேன். விவாகச் சான்றிதழ் பிரதேச செயலகத்தில் சிக்கலில்லாமல் கிடைத்தது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். முதல் பில் திரும்பி வந்தது.

காரணம் ஒன்று: துண்டில் வைத்தியரின் பெயர், பதிவு இலக்கம், சீல் எதுவும் இல்லை. கிளினிக்கில் ஒரு கோடு கிழித்த தாளில் இரண்டு மருந்தும் ஒரு கையெழுத்தும் போட்டுத் தருகிறார்கள், அந்தக் கூட்டத்துக்குள் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. சீல் வாங்க லீவு போட்டுப் போனேன். வைத்தியர் இருந்தார், கையெழுத்தும் போட்டார். சீல் மட்டும் சிஸ்டரின் லாச்சிக்குள், திறப்பு சிஸ்டரிடம், சிஸ்டர் லீவில். பூட்டின லாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன். இப்போது துண்டைக் கையில் வாங்கும்போதே, "டொக்டர், இது இன்சூரன்சுக்கு" என்று சொல்லிவிடுகிறேன். அங்கேயே சீல் விழுகிறது.

காரணம் இரண்டு: ஃபார்மசி பில்லில் 'மருந்து' என்று ஒரு சொல்லும் மொத்தத் தொகையும்தான். நோயாளி பெயர், திகதி, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை குளிசை, விலை எல்லாம் வேண்டுமாம். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதித் தந்தார். அதுவும் போதவில்லை. துண்டில் லொசார்டன் என்று பிரெஷர் மருந்தின் மூலப்பெயர், பில்லில் கம்பனி வைத்த பெயர், இரண்டும் ஒன்றா என்று காப்புறுதிக் கம்பனியின் கொழும்பு அலுவலகத்திலிருந்து கேள்வி. மருந்தாளர் பக்கத்தில் மூலப்பெயரையும் எழுதிச் சீல் வைத்த பிறகுதான் அடங்கினார்கள். அந்த மூலப்பெயரைச் சொல்லியே மலிவான பிராண்டையும் கேட்டு வாங்கலாம், ஓபிடி எல்லை கொஞ்சம் நீண்டு போகும். 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயித்தார்கள், அது எல்லா மருந்துக்குமான கட்டுப்பாடு அல்ல. பிராண்டுக்குப் பிராண்டு விலை வித்தியாசம் இப்போதும் இருக்கு.

இன்னொரு கடையில் மெஷின் பில் தந்தார்கள். அழகாக எல்லா விபரமும் இருந்தது. திருகோணமலை வெக்கையில் கைப்பைக்குள் கிடந்து, அனுப்ப எடுத்தபோது முக்கால்வாசி அழிந்துவிட்டது. மெஷின் பில்லை வாங்கின அன்றைக்கே போட்டோ கொப்பி எடுங்கள், மூலத்தோடு சேர்த்து அதையும் அனுப்புங்கள்.

கிளைக் கௌண்டரில் இருப்பவர் கடிதத்தை வாங்கி ஒரு தட்டில் போடுவார். பிறகு போய்க் கேட்டால், "கொழும்புக்கு அனுப்பிட்டம் மிஸ், அங்க கேளுங்க." கொழும்பில் கேட்டால் வரவே இல்லை என்பார்கள். அதனால் கடிதத்தின் கொப்பியொன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீலும் திகதியும் போடாமல் கௌண்டரை விட்டு நகராதீர்கள். முகத்தைத் தூக்குவார்கள், தூக்கட்டும்.

அந்தச் சீல்தான் கடைசியில் கை கொடுத்தது. பதில் வராமல் இழுபட்டபோது கொப்பியையும் இணைத்து, "அடுத்த கடிதம் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்குப் போகும்" என்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். ஒம்புட்ஸ்மன் என்றால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிறவர். முதலில் கம்பனியிடம் எழுத்தில் முறையிட்ட பிறகுதான் அவரிடம் போகலாம், போவதற்குக் கட்டணம் இல்லை. போக வேண்டிய தேவையே வரவில்லை. அதுவரை எடுக்காத போன் தானாக அடித்தது. "மிஸ், ஒரு சின்னத் தாமதம்..."

விற்றமின் குளிசையையும் சீனி பார்க்கிற ஸ்ட்ரிப்பையும் வெட்டிவிட்டுத்தான் மிச்சத்தைப் போட்டிருக்கிறார்கள். விற்றமின் போகட்டும். ஸ்ட்ரிப்பை எந்த நிபந்தனையின் கீழ் வெட்டினீர்கள் என்று இன்றைக்குக் காலையில் எழுதி அனுப்பியிருக்கிறேன், கொப்பியில் சீலோடு.