தவழும் பிள்ளை உள்ள வீடு: வேலைக் குறிப்புகள்

ஜூன் 2
பூட்டு, கொக்கி என்று எதையும் வாங்குவதற்கு முன், ஒவ்வோர் அறையிலும் கையூன்றித் தவழ்ந்து பார்த்துவிட வேண்டும். கண் ஓரடி உயரத்துக்கு இறங்கினால்தான் கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரையும் சோபாவுக்குப் பின்னால் தொங்கும் ஒயரும் தெரியும். கண்டதை எழுதும்போது வரிசை முக்கியம். நாம் ஓடிவர அவகாசம் தராதவை முதலில்: சாயும் அலமாரி, பட்டன் பேட்டரி, தேங்கிய தண்ணீர், ஜன்னல். மேசை முனைக்கு ரப்பர் ஒட்டுவது கடைசி வேலை. பல வீடுகளில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

ஜூன் 3
அலமாரி. கீழ் இழுப்பறைகளைத் திறந்தால் பிள்ளைக்கு அவை படிக்கட்டு. இழுப்பறை வெளியே வர வர எடை முன்னால் நகர்கிறது. அதன்மேல் பிள்ளையும் ஏறினால் அலமாரி கவிழ்ந்துவிடும். கனமான சாமான் சாயாது என்று நம்பி விட்டுவிடக் கூடாது.

சுவரோடு பிணைக்க எல் வடிவ பிராக்கெட் இரண்டு, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. பின்பலகையில் மாட்டாதீர்கள். அது சில மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரே இழுப்பில் திருகு பிய்ந்து வரும். மேல்பலகை 18 மி.மீ. இருந்தால் அதில் 16 மி.மீ. திருகு.

செங்கல் சுவருக்கு 8 மி.மீ. ட்ரில் பிட், 8 மி.மீ. பிளக் (துளைக்குள் அடித்துத் திருகைப் பிடிக்கவைக்கும் பிளாஸ்டிக் குழல்), 5 மி.மீ. தடிமனில் 60 மி.மீ. நீளத் திருகு. பிளக் பூச்சிலேயே நின்றுவிட்டால் பிடிப்பு கிடையாது. பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் போக வேண்டும். துளை, பிளக்கைவிட 10 மி.மீ. ஆழமாக இருக்கட்டும். சுவிட்ச் பெட்டிக்கு நேர்மேலும் நேர்கீழும் துளைக்கக் கூடாது, உள்ளே ஒயர் ஓடும்.

ஜூன் 4
நேற்றுப் போட்ட நான்கு பிளக்கில் ஒன்று திருகோடு சேர்ந்து சுற்றுகிறது. கழற்றினால் துளையிலிருந்து வெளிர்சாம்பல் தூள் கொட்டுகிறது. செங்கல் என்றால் சிவப்பாக வந்திருக்கும். இரண்டு செங்கலுக்கு நடுவிலுள்ள கலவையில் துளை விழுந்திருக்கிறது. தீக்குச்சியைச் செருகி இறுக்குவது வேண்டாம், சில வாரத்தில் தளர்ந்துவிடும். 5 செ.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டு, தூளை ஊதி வெளியேற்றிவிட்டு பிளக்கை அடிக்க வேண்டும். பிறகு அலமாரியின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்கவும். துளிகூட அசையக் கூடாது.

ஜூன் 7
பட்டன் பேட்டரி. இந்தப் பட்டியலில் எனக்கு மிகுந்த பயம் இதில்தான். 20 மி.மீ. விட்டமுள்ள 3 வோல்ட் லித்தியம் வகை பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, எதிர்முனைப் (மைனஸ்) பக்கம் அரிக்கும் காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள் தசையை வெந்துபோகச் செய்யும். பேட்டரி உடையவோ கசியவோ தேவையில்லை. ரிமோட்டுக்குப் போதாத பழையதிலும் இதற்கான மின்சாரம் மிச்சமிருக்கும்.

தேட வேண்டிய இடங்கள்: ரிமோட், எடை பார்க்கும் கருவி, கார் சாவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மெழுகுவத்தி போன்ற சின்ன விளக்கு. மூடியில் திருகு இல்லாத எதுவும் பிள்ளைக்கு எட்டக் கூடாது. கழற்றியதை உடனே இருபுறமும் டேப் ஒட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனை, எக்ஸ்ரே. அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. ஒரு வயது நிறைந்த பிள்ளை, 12 மணி நேரத்துக்குள் விழுங்கியது, தொண்டையில் இறங்குகிறது என்றால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 தேக்கரண்டி தேன், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் கையில் இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காமல் கிளம்புங்கள். ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடாது.

ஜூன் 8
வாளி. பிள்ளை மூழ்க 5 செ.மீ. தண்ணீர் போதும். தலை கனமாதலால் எட்டிப் பார்த்துக் கவிழ்ந்த பிள்ளையால் தானாக நிமிர முடியாது, கத்தவும் முடியாது. வேலை முடிந்ததும் கொட்டிக் கவிழ்த்து வைக்கவும். குளியலறைத் தாழ்ப்பாள் வெளியே, உயரத்தில்.

ஜூன் 11
மாடிப்படியின் மேல்முனையில் வைக்கும் தடுப்புக் கதவு சுவரில் திருகி மாட்டியதாகவே இருக்க வேண்டும். திருகு இல்லாமல் இருபக்கமும் அழுத்தத்தில் நிற்கும் வகை, பிள்ளை சாய்ந்து தள்ளினால் நழுவும். அது படியின் கீழ்முனைக்கு மட்டும். கதவு படிப்பக்கம் திறக்கக் கூடாது.

கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலும் ஜன்னல் திறப்பிலும் 10 செ.மீ.க்குக் குறைவாகவே இடைவெளி இருக்கலாம். 10 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டையை வெட்டி எடுத்துப்போய் ஒவ்வொன்றிலும் நுழைத்துப் பாருங்கள், டேப் பிடித்து அளப்பதைவிட வேகம். கொசுவலை பூச்சியைத்தான் தடுக்கும், பிள்ளையைத் தாங்காது. ஜன்னலுக்குக் கீழே கிடக்கும் நாற்காலியை இன்றே நகர்த்தவும். ஜன்னலுக்குப் பூட்டு போட்டால், தீப்பிடித்தால் பெரியவர்கள் சட்டென்று திறக்கும்படி இருக்கட்டும்.

ஜூன் 14
வெந்நீர். 60 டிகிரி நீர் சில நொடியில் பிள்ளையின் தோலை ஆழமாக வேக வைத்துவிடும். குழாயில் வருவது 49 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஹீட்டரின் வெப்ப அளவை மாற்றினால் மறுநாள் காலை, குழாயை 2 நிமிடம் ஓடவிட்டு வெப்பமானியால் அளக்கவும். குளிப்பாட்டும் தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டவும். ஐஸும் பற்பசையும் வேண்டாம்.